ஆபீஸ் என்றால் மேலே

எங்கள் வீட்டில் ஆபீஸ் என்றால் அலுவலகம் இல்லை. மேலே தூக்கு என்று அர்த்தம். ஆரியா என்றால் கீழே இறக்கு. ஆஸ்தே என்றால் மெதுவாக. மூன்றும் நைனா, அதாவது என் அப்பா, வேலைக்குச் சேர்ந்த காலத்தில் துறைமுகத்துக் கலாசிகளிடம் பொறுக்கிக்கொண்டு வந்த சொற்கள். கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே என்ன நடக்கிறது என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. கீழே நின்று தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையாலும் குரலாலும் அவருக்குச் சொல்பவர்தான் சிக்னல்மேன். நைனா எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில் சிக்னல்மேன்.

அந்த முதல் சொல் உண்மையில் ஹபீஸ் என்பதா ஹாபீஸ் என்பதா, எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது என்றெல்லாம் தேடிப் பார்த்தேன். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எப்படியோ, திருவொற்றியூர் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது அது ஆபீஸ் ஆகிவிட்டிருந்தது. காஸ் சிலிண்டரைப் படியேற்றும்போது ஆபீஸ். பரண் மேல் மூட்டையை வைக்கும்போது ஆபீஸ். என்னைத் தோளில் தூக்கி உட்காரவைக்கும்போதும் ஆபீஸ். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் முதன்முதலாக "ஆபீஸ் ரூமுக்குப் போ" என்று சொன்னபோது நான் மாடிப்படி எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

போன வாரம் எங்கள் பிளாக்கின் கீழ்வீட்டு அக்கா, மகளை ப்ளஸ் ஒன்னில் சேர்த்துவிட்டு வந்த கையோடு, படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீ காலேஜு படிக்கிற பொண்ணு. எங்க ரெண்டு பேருக்கும் ஏபிசிடி கூட ஒழுங்காத் தெரியாது. இதுக்கு நாங்க இன்னா பண்ணணும், அத்தச் சொல்லு."

"தெரியாததே நல்லதுதாங்க்கா" என்றேன்.

"நக்கலா?"

நக்கல் இல்லை. நிஜமாகத்தான் சொன்னேன். அவரைப் படியிலேயே உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பாதியில் மேலேயிருந்து யாரோ பால் பொங்குகிறது என்று குரல் கொடுக்க, அக்கா ஓடிவிட்டார். அவரிடம் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

பத்தாவது வரைக்கும் நான் தமிழ் மீடியம். ப்ளஸ் ஒன்னில் கணக்கு, இயற்பியல், வேதியியல் இருக்கிற குரூப்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நானேதான், வேறு யாரும் தள்ளிவிடவில்லை. காரணம் காட்டுப்பள்ளியில் இருக்கிற கப்பல் கட்டும் தளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா பைக்கில் அந்தப் பக்கம் கூட்டிப்போனபோது, வேலிக்கு அப்பால் தூரத்தில், பாதி கட்டிய கப்பல் ஒன்று தரையில் நின்றுகொண்டிருந்தது. துறைமுகத்துப் பிள்ளை நான், கப்பலைப் பார்க்காதவள் இல்லை. ஆனால் கப்பல் எங்கேயோ பிறந்து நம் ஊருக்கு விருந்தாளியாக வந்து போகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இங்கேயே பிறக்கிறது என்றால் பிறக்கவைக்கிற ஆளாக நான் ஏன் இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. எனக்கு ஏதாவது தோன்றிவிட்டால் அன்றைக்கே ஆரம்பித்துவிட வேண்டும்.

நான் சேர்ந்த பள்ளியில் அந்த குரூப் இங்கிலீஷ் மீடியத்தில் மட்டும்தான் இருந்தது. என்ன பெரிய இங்கிலீஷ் என்று சேர்ந்தேன். முதல் டெஸ்ட்டில் இயற்பியல் பாஸ் மார்க்கைத் தொடவில்லை. அப்பா அம்மாவை அழைத்துவா என்றார்கள்.

பிசிக்ஸ் மிஸ் நல்லவர். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் டீச்சரை வில்லியாக்குவது சுலபம். அவர் நைனாவுக்கும் அம்மாவுக்கும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நிதானமாகவே சொன்னார்.

"கிளாஸ்ல நல்லா பேசுறா. எல்லாத்துக்கும் முன்னாடி கை தூக்குறா. ஆனா பேப்பர்ல ஒண்ணுமே இல்ல. இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணி எழுதுறா, பாதியில மறந்துபோச்சுன்னா அப்படியே நிக்குது. காமர்ஸ் குரூப் தமிழ் மீடியத்துல இடம் இருக்கு. ஆபீஸ்ல ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா மாத்திடலாம்."

"இப்பவேவா மிஸ்?" என்றார் அம்மா.

"அடுத்த டெஸ்ட் வரைக்கும் பாக்கலாம். அதுக்கப்புறம் பேரெல்லாம் மேல போயிடும், மாத்த முடியாது. அதுலயும் இவ பெயிலானா நீங்க யோசிக்கவே கூடாது. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அடுத்த டெஸ்ட்டுலயும் இப்டியே வந்தா மாத்திடுறோம் மிஸ்" என்றார் அம்மா. வாக்குக் கொடுத்துவிட்டார். நைனா தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை.

காமர்ஸ் ஒன்றும் குறைச்சல் இல்லை. என் நெருங்கிய தோஸ்து அதைத்தான் எடுத்தாள், என்னைவிடக் கெட்டி. ஆனால் எனக்கு வேண்டியது கப்பல். காமர்ஸ் பக்கமாகப் போய்க் கப்பல் கட்ட வழி இல்லை. அந்த அடுத்த டெஸ்ட்டில்தான் என் காட்டுப்பள்ளி இருந்தது.

பள்ளியிலிருந்து திரும்பி நடக்கும்போது ஒரு டிரெய்லர் லாரி எங்களைத் தாண்டும் வரைக்கும் பொறுத்திருந்து, நைனா சொன்னார்: "எங்க யார்டுல ஆபீஸ்னா மேல தூக்கறது. இஸ்கோலுல ஆபீஸ்னா கீழ எறக்குறதாக் கீது."

"உனுக்கு இப்ப ஜோக்கு கேக்குதா? புள்ள மூஞ்சிய பாருய்யா."

"மூஞ்சியப் பாத்துதாமே சொல்றேன்."

நான் சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கை கால் கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "பேப்பர எடு" என்றார். எடுத்தேன். "மூணு தட்டு கொண்டா" என்றார். சாப்பிடத்தான் என்று நினைத்து, சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தேன்.

அம்மா சாத்தாங்காடு பக்கத்தில், வண்டிகளுக்கு ரப்பர் வாஷர் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் இருக்கிறார். அச்சிலிருந்து வருகிற ஒவ்வொரு பீஸையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து மூன்று டிரேயில் ஒன்றில் போட வேண்டும். சரியாக இருந்தால் ஓகே. ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ரீவொர்க். பிசிறை வெட்டினால் அதுவும் ஓகே ஆகிவிடும். கிழிந்தது, வெந்து போனது மட்டும்தான் ரிஜெக்ட்.

கட்டியிருந்த நூலை அவிழ்த்து, அம்மா என் விடைத்தாளைத் தனித்தனித் தாளாகப் பிரித்தார். "இது ஓகே, இது ரீவொர்க், இது ரிஜெக்ட்டு" என்று தட்டுகளைக் காட்டினார். நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கால் நீட்டி, வேடிக்கை பார்த்தார்.

"எல்லாமே ரிஜெக்ட்டுதாம்மா" என்றேன்.

"அத்த நீ சொல்லாத. மாலு செஞ்சவ செக்கிங் பண்ணக் கூடாது."

ஒவ்வொரு தாளாக எடுத்தார். பாதி மார்க் வாங்கிய விடை, ரீவொர்க். கால் மார்க், ரீவொர்க். படம் சரி பெயர் தப்பு, ரீவொர்க். ஒரு கேள்விக்கு நான் எண்ணை மட்டும் போட்டுவிட்டு மீதிப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தேன். இது நிச்சயம் ரிஜெக்ட் என்று நானே அந்தத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"இதுல இன்னா கீது ரிஜெக்ட் பண்ண? மாலே வர்லியே. வந்தாத்தான செக்கிங்கு." காலித் தாளைத் தனியே மடித்து வைத்தார். மூன்றாவது தட்டு கடைசி வரைக்கும் காலியாகவே இருந்தது. அதை இன்னும் மறக்க முடியவில்லை, வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டு, எதுவுமே விழாமல்.

பிறகு ஒரு தாளைக் கையில் எடுத்து நிறுத்தினார். ரீவொர்க் தட்டில் எல்லாவற்றுக்கும் மேலே, பெருமூச்சோடு, அதை வைத்தார்.

"ம்மா, அது ஒண்ணுதான் முழு மார்க்கு. குட்னு எழுதிக்கீறாங்க பாரு."

"செவப்புல எழுதிக்கீறாங்களே."

"குட்டயும் செவப்புலதான் எழுதுவாங்க."

"எங்க கம்பெனில நல்ல பீஸு மேல எவளும் கை வெக்க மாட்டா. இதுல டிக்கு, கோடு, எழுத்து எல்லாம் கீது. இவ்ளோ செவப்பு பட்ட பீஸு நான் பாத்ததே இல்ல. இன்னா எழுதுன, சொல்லு."

நைனா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அம்மாவுக்கு அது தவறு என்று புரியவைக்க நான் கொஞ்ச நேரம் போராடினேன். அவர் மசியவில்லை. சரி, சொல்லித் தொலைக்கலாம் என்று ஆரம்பித்தேன். தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி. இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்தேன்.

"இப்ப தமிழ்ல."

பழைய வகுப்புப் புத்தகத்தில் இருந்தபடி தமிழில் ஒப்பித்தேன்.

"இப்ப எனுக்கு."

நின்றுவிட்டேன். குட் வாங்கிய விடை, எனக்கே என்னவென்று தெரியாது. என் பேப்பரிலேயே நல்லதாக இருந்த ஒரே பீஸிலும் பிசிறு இருந்தது. மிஸ் கண்ணுக்கும் அது படவில்லை, படவும் முடியாது, எழுத்தெல்லாம் சரியாகத்தானே இருந்தது. சிவப்பு மையைத் தப்பாகப் படித்த அம்மாவின் கைக்குத்தான் அது அகப்பட்டது.

"நீ காலைல கம்பெனிக்குப் போற" என்று தட்டுத்தடுமாறி ஆரம்பித்தேன். "சாய்ங்காலம் வூட்டுக்கு வர. போனது வந்தது எல்லாம் சேத்தா அது தொலைவு. ஆனா கிளம்புன எடத்துக்கே திரும்பி வந்துட்ட இல்ல, அதனால இடப்பெயர்ச்சி ஜீரோ."

அம்மா தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். "நாளு பூரா நின்னு கால் வீங்கிப்போயி வரேன். ஜீரோவா?"

"வெளிய சொல்லாத மே" என்றார் நைனா. "உன் மேனேஜருக்குத் தெரிஞ்சுது, சம்பளத்தையும் ஜீரோ பண்ணிடுவான்."

"நீ சும்மா குந்து. தபார் கண்ணு, நான் வூட்டுக்கு வரல. கம்பெனிலேர்ந்து அப்டியே மூலக்கொத்தளத்துக்கு எங்க அக்கா வூட்டுக்குப் பூட்டேன். அப்ப?"

"அப்ப ஜீரோ இல்ல. கிளம்புன எடத்துலேர்ந்து மூலக்கொத்தளத்துக்கு நேரா ஒரு கோடு போட்டா, அதான் இடப்பெயர்ச்சி."

"நேராவா? எந்த பஸ்ஸு நேரா போவுது? சுத்திகினுதான போவுது."

"பஸ்ஸு சுத்தும். கோடு சுத்தாது."

சொல்லி முடித்ததும்தான் எனக்கே கேட்டது. பஸ் சுத்தும், கோடு சுத்தாது. மனப்பாடம் செய்த அந்த நீள வாக்கியம் முழுவதும் சொன்னது இவ்வளவுதானா என்று இருந்தது. அம்மா அந்தத் தாளை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஓகே தட்டில் வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஒரு தாள். அம்மா வெங்காயம் உரிப்பார், கீரை ஆய்வார், நான் சொல்வேன். புரிந்தால் ஓகே, புரியாவிட்டால் ரீவொர்க். அவருக்குப் பொய்யாகத் தலையாட்டத் தெரியாது. பாதி புரிந்தால் பாதிதான் ஆட்டுவார்.

ஆனால் எங்கள் வீடு ஒரு ஹாலும் ஒரு சமையலறையும். ஜன்னலுக்கு வெளியே லாரி ஹாரன். பக்கத்து வீட்டில் டிவி. நான் படிக்க உட்கார்கிற இடத்தில்தான் நைனா சாப்பிட வேண்டும், அம்மா நடக்க வேண்டும். இதற்கு நைனா ஒரு வழி சொன்னார்.

"யார்டுல எவ்ளோ சத்தம் தெரியுமா? கத்துனா ஒருத்தனுக்கும் கேக்காது. எல்லாம் கைதான். நீ படிக்கிற வரிக்கும் இந்த வூட்டுல இனிமே எவனும் பேசக் கூடாது. கைதான்."

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் ஆபீஸ். கீழே நீட்டிச் சுழற்றினால் ஆரியா. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வீசினால் நிறுத்து. இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு நின்றால், எல்லாவற்றையும் அப்படியப்படியே நிறுத்திவை. மெதுவாக வேண்டுமென்றால் ஒரு கையால் சிக்னல், மற்ற கை அதன்மேல் அசையாமல்.

முதல் நாளே குழப்பம். இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று நைனா விரலை மேலே சுழற்றினார். அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பேசக் கூடாது என்று அவரே சொன்னதால் நைனாவால் கூப்பிடவும் முடியவில்லை. கையில் சாம்பாரோடு உட்கார்ந்து இரண்டு கையையும் கோத்துக் காட்டினார். அம்மா அதைப் பார்த்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆறு மணிக்கு வந்தால் டிவியை முழுச் சத்தத்தில் வைப்பது அவர் ஓய்வு. நைனா ஒரு நாள் அவர் வாசலில் போய் நின்று, கையைக் கோத்துக்கொண்டார்.

"இன்னா நைனா, கும்புடுற?"

"கும்புடல. எல்லாத்தியும் நிறுத்துன்னு சிக்னலு."

"டிவியையுமா?"

"டிவியத்தான்."

"பாப்பா படிக்குதா?" என்று எட்டிப் பார்த்தார். "அத்த வாயத் தொறந்து சொன்னா இன்னா, கையக் கட்டிகினு சாமியாரு மாதிரி."

டிவி குறைந்தது. ஆனால் சிக்னல் பிடித்துப்போய்விட்டது அவருக்கு. அதன் பிறகு எங்கள் மாடியில் எல்லோருமே கையால்தான். கறிவேப்பிலை வேண்டும், தண்ணி லாரி வந்தாச்சு, மழை வருது துணி எடு, எல்லாம் விரல் சுழற்றல். சின்னப் பிள்ளைகள் படிக்கட்டில் ஒருவரையொருவர் ஆபீஸ், ஆரியா என்று ஏற்றி இறக்கி விளையாடினார்கள். சத்தம் போடாமல் விளையாடியதுதான் ஆச்சரியம்.

நைனாவுக்கு மார்னிங் ஷிஃப்ட் இருக்கிற வாரங்களில் அவரும் மாலை வகுப்பில் இருப்பார். அம்மா கேட்டுக்கொண்டே ஒப்புக்கொள்கிற ரகம் என்றால் நைனா சண்டைபோட்டு ஒப்புக்கொள்கிற ரகம். நிலைமம் வந்தது. ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும், நிற்கிற பொருள் நின்றுகொண்டே இருக்கப் பார்க்கும் என்று அம்மாவிடம் பஸ்ஸை வைத்துச் சொன்னேன். பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் விழுகிறார்கள் இல்லையா.

"டிரைவரு கலீஜா ஓட்னா வுழத்தான் வுழுவாங்க" என்றார் அம்மா.

"டிரைவர வுடு. பஸ்ஸு நின்னுடுச்சு. நீ இன்னும் நிக்கல. நீ பஸ்ஸோட சேந்து ஓடிகினே இருந்த."

"நான் நின்னுகினுதான இருந்தேன்."

"நின்னுகினே ஓடிகினு இருந்த."

அம்மா உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். யோசித்தார். நைனா நடுவில் புகுந்தார். "எங்க கண்டெய்னரு கூடத்தான். கிரேன் நின்னதும் அது கொஞ்சம் ஆடும். அது காத்து."

"காத்து இல்ல நைனா, அதுவும் இதான். கிரேன் நின்னுச்சு, பொட்டி நிக்கல."

"எங்கிட்டியே பீலா வுடுறியா? நான் எத்தினி வருஷமா பாக்குறேன். காத்துதான்."

"இல்ல."

"காத்து."

பெரிய வாக்குவாதம். அம்மா இரண்டு கையையும் கோத்துக்காட்டி நிறுத்தினார். நான் விடவில்லை. ஒரு பையில் அரிசியைக் கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டு, மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, ஹாலில் நடந்து சட்டென்று நின்றேன். பை முன்னால் போய் என் முழங்காலில் இடித்தது. நைனா அதைப் பார்த்துவிட்டு, "அரிசி வேற, கண்டெய்னர் வேற" என்று படுத்துவிட்டார்.

சில நாள் கழித்து ஷிஃப்ட் முடிந்து வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "இன்னிக்கு ஒரு பொட்டுக் காத்து இல்ல. கொடி தொங்கிகினு கீது. பொட்டி ஆடிச்சு." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கிரேன்காரன்கிட்ட சொன்னேன், அது காத்து இல்லடா, நெலமம், எம் பொண்ணு சொல்லிச்சுன்னு. அவன் யாரு நைனா நெலமம், புது சூப்பர்வைசரான்னு கேக்குறான்."

தோற்றதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எல்லாம் சோக்காகப் போய்க்கொண்டிருந்ததாக நினைத்தேன். ஒன்று இடித்தது. வீட்டில் நான் மெட்ராஸ் பாஷையில் நியூட்டனையே வெங்காயம் உரிக்கவைத்துவிடுவேன், ஆனால் பரீட்சையில் எழுத வேண்டியது இங்கிலீஷில். அதைத் திருத்த இந்த வீட்டில் ஆள் இல்லை. ஒரு மாலை இதைச் சொல்லி அழுதேன். "உங்க ரெண்டு பேருக்கும் சொல்லிச் சொல்லி இன்னா பிரயோஜனம், நீங்களா மார்க்கு போடப் போறீங்க" என்று.

அம்மா மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில், கம்பெனியின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டே பள்ளிக்கு வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. வராந்தாவில் பிசிக்ஸ் மிஸ்ஸை நிறுத்திப் பேசியதை நான் தூணுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"மிஸ், இது எங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லுது. புரியிற வரிக்கும் நாங்க வுடறதில்ல. அத்த இங்கிலீஷாக்குறது எங்களால ஆவாது. அது உங்க செக்ஷன். தெனம் ஒரே ஒரு பக்கம் எழுதிக்கினு வரட்டும், நீங்க செவப்பு மட்டும் போட்டுக் குடுங்க. மிச்சத்த வூட்டுல பாத்துக்கறோம்."

"நீங்க கேட்டு உங்களுக்குப் புரியுதா?" என்றார் மிஸ்.

"பாதிக்குப் பாதி புரியுது. புரியலன்னா தலையாட்ட மாட்டேன் மிஸ்."

"காலைல பிரேயருக்கு முன்னாடி வரச் சொல்லுங்க" என்றார் மிஸ்.

கீழ்வீட்டு அக்காவிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்து, பால் பொங்கியதால் விட்டது இதைத்தான். எனக்குத் தனி அறை இல்லை, மேஜை இல்லை, டியூஷன் இல்லை. என் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் எது தன் செக்ஷன், எது அடுத்தவர் செக்ஷன் என்பது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிக்கொடுக்க வரவில்லை. தெரியாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் இல்லை. நீலக் கோட்டோடு போய்க் கேட்டார். அந்தக் கோட்டில் ரப்பர் வாசம் அடிக்கும். வராந்தா முழுக்க அடித்தது. எனக்கு அந்த வாசம் இன்றைக்கும் மார்க் வாங்குகிற வாசம்.

தினமும் ஒரு பக்கம். முதலில் பக்கம் முழுக்கச் சிவப்பு. அம்மா அதை வாங்கிப் பார்த்து, "சோக்கா கீது, நெறைய வேல கீது" என்பார். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் சிவப்பு மையின் மேல் இருந்த பயம் போய்விட்டது. ரீவொர்க்தானே. பிசிறுதானே. வெட்டினால் போகிறது.

டெஸ்ட் நாள் வந்தது. நைனா ஷிஃப்ட்டுக்குப் போகிற அவசரத்தில் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினார். நான் உள்ளே போய் மரத்தடியில் கடைசியாகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புரட்டினேன் என்றால், எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில். எனக்குப் பரபரப்பு வந்தால் அப்படித்தான். காமர்ஸ் தோஸ்து முழங்கையால் இடித்தாள்.

"கேட்டாண்ட யாரோ ஒருத்தர் டான்ஸ் ஆடிகினு கீறாரு பாரு."

நைனா போகவில்லை. கேட்டின் கம்பிக்கு வெளியே, மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்று, ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார். மற்ற கை அதன்மேல் அசையாமல். ஆபீஸ், ஆஸ்தே. மேலே தூக்கு, மெதுவாக.

"எங்க நைனா" என்றேன். "கிரேனுக்கு சிக்னல் குடுக்கறாரு."

"இங்க கிரேன் எங்கடி?"

"நான்தான்."

புத்தகத்தை மூடிவிட்டேன்.

தேர்வில் தெரிந்த கேள்வியும் வந்தது, தெரியாததும் வந்தது. வார்த்தை மறந்த இடங்களில் நின்றுவிடாமல், அம்மாவுக்கு என்ன சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு, என் குட்டி இங்கிலீஷில் அதை எழுதினேன். பக்கம் எதையும் காலியாக விடவில்லை. மால் போனால்தானே செக்கிங்.

பேப்பர் கொடுத்த அன்றைக்கு மிஸ் மறுபடியும் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். போன தடவை போலவே நாற்காலி. நைனா ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார். அம்மா கோட்டில். கொடுத்த வாக்கு எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. மிஸ் பேப்பரை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். அம்மா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. டிக், டிக், ஒரு கோடு, மறுபடி டிக்.

"நெறைய ரீவொர்க் போல கீதே மிஸ்" என்றார் அம்மா, குரல் கொஞ்சம் இறங்கி.

மிஸ் சிரித்தார். "அது எல்லாம் ரைட்டும்மா. பாஸ் பண்ணிட்டா. நல்லாவே பண்ணியிருக்கா. இந்த பதில் பாருங்க, புக்குல இருக்கிற மாதிரியே இல்ல. கிரேன், கண்டெய்னர்னு எழுதியிருக்கா. ஆனா சரி."

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது காத்து இல்ல மிஸ்" என்றார். மிஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

"குரூப்ப மாத்த வேண்டாம்" என்று மிஸ் எழுந்தார். "இதுலயே இருக்கட்டும். நானே ஆபீஸ்ல சொல்லிடறேன்."

நைனா என்னைப் பார்த்தார். நான் நைனாவைப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்கு அடியிலிருந்து அவர் ஆட்காட்டி விரல் தானாகவே வெளியே வந்து மேலே சுழல ஆரம்பித்தது, வேகவேகமாக. அம்மா தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார், அசையாமல்.

"ஆஸ்தே" என்றார்.